தங்கமும் வெள்ளியும் உங்கள் கையில்: பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் படிக்கிற உங்களுக்கும், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் இன்ஜினியராகவும் டெக்னீஷியனாகவும் ஷிஃப்ட் பார்க்கிற உங்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் பாயான் லெப்பாஸில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள்தான். அதில் முதல் பதினான்கு வருடம் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் கழிந்தது. சிப்பிலிருந்து சட்டத்துக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டுகிற வேலை. அந்தக் கம்பி 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்துவிட்டால் கம்பி விரலில் கிடப்பதே தெரியாது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு கோடு மின்னி மறையும்.

ஒருநாள் பயிற்சி கொடுக்க வந்த இன்ஜினியரிடம் கேட்டேன்: "சார், இதையே இன்னும் ஆயிரம் மடங்கு சின்னதாக்கினால் தங்கம் என்ன ஆகும்?" "அது உன் வேலை இல்லை" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. விடை தெரிய எனக்கு இருபது வருடம் ஆனது, அதுவும் என் அக்காள் பேத்தி வேதியியல் படிக்கப் போன பிறகுதான். அவள் தன் ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். கொதிக்கிற நீரில் வெளிர்மஞ்சள் தங்க உப்பு கிடந்தது. அதில் கொஞ்சம் சிட்ரேட் ஊற்றினாள். மஞ்சள் போய்த் தெளிந்தது, பிறகு கறுத்தது, சில நிமிடத்தில் மாதுளைச் சாறு போலச் சிவந்தது. "இதுதான் பாட்டி நீங்க கேட்ட தங்கம்" என்றாள். பதினான்கு வருடம் தங்கத்தைத் தொட்டவள் நான். தங்கம் சிவப்பாக இருக்கும் என்று எனக்கு அதுவரை எவரும் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன் முகமாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் போனேன். ஏ9 சாலையில் ஆனையிறவு தாண்டிச் சிறிது தூரத்தில் முகமாலை வருகிறது. ஒரு காலத்தில் போரின் முன்னரங்கு அது. தலையில்லாத பனைமரங்கள், சாலையோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். பலகைகளுக்கு அப்பால் குச்சி நட்டுக் கயிறு கட்டிய சிறுசிறு பாத்திகள். ஒரு பாத்தியில் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். நீலக் கவசம், முகத்தை மூடிய கண்ணாடித் தடுப்பு, கையில் மண்வாரி. மண்ணை ஒரு கை அகலம் வாரினாள், பார்த்தாள், மறுபடி வாரினாள். எங்கள் வேன் டயர் மாற்ற நின்ற அரைமணி நேரத்தில் அவள் ஒரு சாண் முன்னேறியிருக்க மாட்டாள். கண்ணிவெடி அகற்றுகிறவர்களில் பலர் பெண்கள். போரில் புருஷனை இழந்து, வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆளாகி, இந்த வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. அவர்களுக்கு அது முடியவில்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் உலோகத்தைத்தான் தேடும், வெடிமருந்தைத் தேடாது. அந்த மண்ணிலோ வருடக்கணக்காக விழுந்த குண்டுகளின் சிதறலும் தோட்டா ஓடும் முள்வேலித் துண்டும் நிறைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கருவி கூவும், ஒவ்வொரு கூவலுக்கும் மண்டியிட்டுத் தோண்ட வேண்டும். மறுபக்கம், ஆளைக் கொல்லப் புதைத்த வெடிகளில் பல பிளாஸ்டிக் உறை போட்டவை. உள்ளே உலோகம் ஊசியளவுதான். ஆணிக்குக் கத்துகிற கருவி அசல் வெடிக்கு முனகுகிறது. அதனால்தான் அந்தப் பெண்கள் மண்வாரியை நம்புகிறார்கள். நாய்களையும் பழக்குகிறார்கள். நாயின் மூக்கு உலோகத்தை விட்டுவிட்டு மருந்தின் மணத்தைத் தேடுகிறது. ஆனால் நாய்க்கு அலுப்பு வரும், வெயில் ஆகாது, பழக்குகிறவர் மாறினால் குழம்பும்.

நாய் தேடுகிற அந்த மணத்தை, அந்த மூலக்கூறை, நாமும் தேட முடியும். தேடும் வழியை 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டவர் திருச்சியில் பிறந்த ஒரு தமிழர், ராமன். கூடவே இருந்து உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது கிட்டத்தட்ட எல்லாம் அதே நிறத்தோடு திரும்புகிறது. ஒரு கோடியில் ஒரு துகள் போல ஏதோ கொஞ்சம் மட்டும் நிறம் மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறியது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. டி.என்.டி. என்ற வெடிமருந்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரோ கொத்துகள் அதிர்வது 1350 அலைஎண் பக்கத்தில் ஒரு கூரிய கோடாக எழும். உப்புக்கு அந்தக் கோடு கிடையாது, சர்க்கரைக்கும் மண்ணுக்கும் அதே இடத்தில் அதே உருவில் வராது. ராமன் படத்துக்கு மாலை போடுகிறோம், 1930 நோபல் பரிசை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கோடு எதற்குப் பயன்படும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? நான் எத்தனையோ விழாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விழாவிலும் கேட்டதில்லை.

கோடியில் ஒன்று என்பதுதான் தொல்லை. வெடிமருந்து ஆவியாவது மிகக் குறைவு. டி.என்.டி. அறை வெப்பத்தில் காற்றில் நூறு கோடிக்குச் சில பங்குதான் இருக்கும், ஆர்.டி.எக்ஸ். என்ற இன்னொரு மருந்து அதைவிட ஆயிரம் மடங்கு குறைவு. இத்தனை சொற்பப் பொருளிலிருந்து இத்தனை சொற்ப ஒளியை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் அந்தச் சிவப்புத் தங்கம் வருகிறது.

1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் என்ற மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருளின் ராமன் ஒளியை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகமிக வலுவாக வந்தது. தகட்டின் பரப்பு கூடியதால்தான் என்று நினைத்தார்கள். 1977-இல் வான் டைனும் ஜான்மேரும் அமெரிக்காவில் கணக்குப் போட்டுப் பார்த்து, பரப்பு மட்டும் காரணமென்றால் இவ்வளவு வராது, ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு கூடியிருக்கிறது என்றார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட்டும் கிரெய்ட்டனும் தனியாக அதையே கண்டார்கள். விஷயம் இதுதான்: தங்கத்துகளும் வெள்ளித்துகளும் நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், அவற்றின் எலக்ட்ரான்கள் எல்லாம் விழுகிற ஒளியோடு சேர்ந்து ஒன்றாக ஆடும். தங்கத்தைச் சிவப்பாக்கியதும் அந்த ஆட்டமே. இரண்டு துகள்கள் ஒன்றோ இரண்டோ நானோமீட்டர் இடைவெளியில் நின்றால் ஒளியின் வலு அத்தனையும் அந்தச் சந்தில் திரளும். தைப்பூசத்தன்று அகலத் தெருவில் நடக்கிற கூட்டம், ரதம் குறுகிய தெருவில் திரும்பும்போது எப்படி நெரிகிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த நெரிசலுக்குள் ஒரு டி.என்.டி. மூலக்கூறு அகப்பட்டால் அதன் குரல் கேட்கும்.

தைப்பூசம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியிலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தது. 2017-லிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகிறது. இந்த ஆய்வுக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற இரண்டு உலோகங்களும் நம் தெருவிலேயே போகின்றன. ஒரு ரதத்தில் இருக்கிற வெள்ளியில் வெடிமருந்தைக் காட்டுகிற எத்தனை லட்சம் சோதனைத் தாள் செய்யலாம் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. அது சாமிக்குச் சேர்ந்தது. ஆனால் உலோகத்தை வைத்து நுட்பமாக வேலை செய்வது நமக்குப் புதிதல்ல என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் நகைப்பட்டறை பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்து, நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பற்றவைப்பு உருகிவிட்டதா என்று சொல்வார். நானோ அளவிலும் வேலை நிறத்தைப் பார்த்துத்தான். துகள் பெருத்தால் சிவப்பு ஊதாவாகிறது, உப்பு சேர்த்துத் துகள்களைத் திரளவைத்தால் நீலமாகிறது.

எங்கோ ஐரோப்பாவில் செய்கிற வேலை என்றும் நினைக்காதீர்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வெடிபொருள் ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே சோமா வேணுகோபால் ராவின் குழு திரவத்துக்குள் வைத்த உலோகத்தை லேசரால் செதுக்கி நானோ அமைப்புகளை உண்டாக்கி, வெடிபொருள்களின் ராமன் கோடுகளைப் பிடிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப்பின் குழு 2012-இல் வேறொரு வழி காட்டியது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற அளவுக்குப் பெரிய, இதழ் இதழாக முள் விட்ட தங்கப் பூ. அதன்மேல் புரதம் போர்த்திய வெள்ளித் திரள்கள் சிவப்பாக ஒளிரும். டி.என்.டி. பட்டதும் சிவப்பு அணையும், கீழே வைத்த சாயத்தின் பச்சை தெரியும். ஒரு செப்டோமோலுக்கும் குறைவான மருந்தை அது காட்டிவிட்டது. ஒரு செப்டோமோல் என்றால் ஏறக்குறைய அறுநூறு மூலக்கூறு. கிராம் கணக்கில் சொல்லவே முடியாத அளவு அது. இது ராமன் முறை இல்லை, ஒளிர்வைப் பார்க்கிற முறை. ஆனால் உலோகத்தைச் செதுக்குகிற கை ஒன்றுதான்.

அப்படியென்றால் முகமாலையில் அந்தப் பெண் ஏன் இன்னும் மண்வாரியோடு மண்டியிட்டிருக்கிறாள்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அக்காள் பேத்தியோடு உட்கார்ந்து, அவள் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டு, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தவறிருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

சாதனை பெரும்பாலும் சுத்தமான கண்ணாடியில் நடந்திருக்கிறது. வடிகட்டிய நீரில் கரைத்த மருந்து, ஒரு சொட்டு, காய்ந்த தகடு, குளிரூட்டிய அறை. வன்னி மண்ணில் இலைமக்கு இருக்கிறது, களிமண் இருக்கிறது, மழைநீர் இருக்கிறது. துகள்களின் சந்துக்குள் மருந்து போவதற்கு முன் இவை போய் அடைத்துக்கொள்கின்றன. மக்கு தானே ஒளிர்ந்து கோட்டை மூழ்கடிக்கிறது. அடுத்தது வெள்ளி. தங்கத்தைவிட அது நன்றாகக் குரலைக் கூட்டும், ஆனால் கறுத்துவிடும். நம் வீட்டு வெள்ளிக் கொலுசு இந்தக் கடல்காற்றில் எத்தனை நாளில் கறுக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள். நானோ வெள்ளிக்கு அத்தனை நாள்கூட வேண்டாம். மூன்றாவது, டி.என்.டி. தங்கத்திலோ வெள்ளியிலோ தானாக இறுக ஒட்டுவதில்லை. அதைப் பிடித்து இழுக்க ஒரு கொக்கி வேண்டும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத் தங்கத்தில் பூசி அப்படிக் கொக்கி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான்காவதை என் முப்பத்தோரு வருட அனுபவத்திலேயே சொல்வேன்: ஒரு தகடு நன்றாக வேலை செய்தால் போதாது. ஆயிரம் தகடும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். இன்றைக்குச் செய்ததும் அடுத்த மாதம் செய்ததும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு தகட்டுக்கும் அடுத்ததுக்கும் பெரிய வித்தியாசம் வருகிறது. கட்டுரைக்கு அது பரவாயில்லை. கண்ணிவெடி நிலத்தில் ஒருத்தி காலை வைக்கப் போகிறாள்.

நான்காவது சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பாயான் லெப்பாஸில் இருக்கிறார்கள். 1972-இல் இன்டெல் இந்தத் தீவில் நெல்வயல் நடுவே தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைக் கட்டியது. அன்றிலிருந்து நாம் அரை நூற்றாண்டாகச் செய்கிற வேலையே அதுதான்: மெல்லிய உலோகப் படலத்தை ஒரே கனத்தில் படிய வைப்பது, லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது, கெட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்குவது. உலகத்தின் சிறந்த ஆய்வுக்கூடங்களுக்கே கைவராத அந்தப் பொறுமை இந்தத் தீவின் கைகளில் இருக்கிறது. ஆனால் யாரோ வரைந்து அனுப்பியதை நாம் செய்து அனுப்புகிறோம். இதுதான் என் மனக்குறை, பிள்ளைகளே. தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில் பத்து வயதுக் குழந்தை மண்ணெடுத்து நீர் வடிகட்டிக் காட்டுகிறது, நாம் கைதட்டுகிறோம். அந்தக் குழந்தை எஸ்.பி.எம். தேர்வு முடித்ததும் மருத்துவம் கிடைக்குமா, சட்டம் கிடைக்குமா என்ற இரண்டே கேள்விதான் வீட்டில் கேட்கப்படுகிறது. கிடைக்காதவர்கள் மட்டும் இயற்பியல் படிக்க வேண்டும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

உங்கள் வீட்டில் இன்னொரு பயமும் எழும். தமிழ்ப் பிள்ளை, வன்னி, வெடிமருந்து: இந்த மூன்று சொல்லும் சேர்ந்து வந்தால் போலீஸ் என்ன நினைக்கும்? புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 2019-இல் இந்த நாட்டில் நடந்த கைதுகளை எந்தத் தாயும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இதை வீட்டில் ஒருநாளும் செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வழியாக, பேராசிரியரின் பெயரோடு, வெளிச்சத்தில் செய்யுங்கள். தொடக்கத்துக்கு வெடிமருந்தே தேவையில்லை. உலகம் முழுக்க முதலில் மெத்திலீன் நீலம், ரோடமின் போன்ற சாயங்களை வைத்துத்தான் தகட்டைச் சோதிக்கிறார்கள். பிறகு அதே நைட்ரோ கொத்து உள்ள நைட்ரோபீனால். உண்மையான மருந்து தேவைப்படும் கட்டத்தில் அனுமதி பெற்ற கூடத்தில், மிகமிக நீர்த்த அளவில். உங்களோடு மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இருக்கட்டும். இது அவர்களுக்கும் உரிய வேலை. சபா கடலில் இன்றைக்கும் உரத்தை வெடியாக்கி மீன் பிடிக்கிறார்கள், பவளப்பாறை நொறுங்குகிறது. சந்தைக்கு வருகிற மீனில் எது வலையில் வந்தது, எது வெடியில் செத்தது என்று நிறுவுவது கஷ்டம். படகின் பலகையில், பெட்டியில், கையில் ஒட்டிய அம்மோனியம் நைட்ரேட்டைக் காட்டுகிற ஒரு மலிவான தாள் அங்கேயும் உதவும்.

இப்போது நான் கேட்பதைக் கேட்கிறேன். கடைசி வருடப் படிப்பில் இருப்பவர்களே, ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற நாள் வருவதற்குள், ஒரே ஒரு குழுவாவது இதை எடுங்கள். வடிதாளில் தங்கத் துகளைத் தோய்த்துச் சோதனைத் தாள் செய்யும் வழி ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது, அதிகச் செலவில்லை. ஆனால் சுத்தமான நீரில் தொடங்காதீர்கள். மண்ணில் தொடங்குங்கள். பத்து ஃபெரிங்கி மணல், பாலிக் பூலாவ் தோட்டத்து மண், மழை பெய்த மறுநாள் எடுத்த சேறு என்று உங்கள் முதல் சோதனையே அழுக்கில் நடக்கட்டும். எத்தனை குறைவான அளவைப் பிடித்தோம் என்று எழுதுவதோடு நிற்காமல், இருபது தாளில் எத்தனை தாள் பொய் சொன்னது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். தோற்றால் தோற்றதை எழுதுங்கள். அடுத்த வருடம் வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவார்கள்.

ஃபேக்டரியில் இருப்பவர்களே, உங்களிடம் கம்பெனிப் பொருளைக் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தகடு ஏன் ஒன்றுபோல் வரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல உங்களால் முடியும். படலம் எங்கே உரிகிறது, எங்கே தூசி விழுந்தது என்று உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். ஒரு பெண் ஆபரேட்டர் வந்து கேள்வி கேட்டால், அது உன் வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பண உதவி, பயண உதவி பற்றிச் சங்கங்களிடம் நானே போய்ப் பேசுகிறேன். வயதானவள் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். குழு ஒன்று தயாரானால், கண்ணிவெடி அகற்றும் ஒரு நிறுவனத்திடம் அனுமதி வாங்கி உங்களை முகமாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. மண்டியிட்டு வேலை செய்கிற அந்தப் பெண்களிடம் உங்கள் தாளைக் கொடுத்து, இது உங்களுக்கு எதற்காவது உதவுமா என்று கேளுங்கள். உதவாது என்றால் ஏன் என்று கேளுங்கள். கவசத்துக்குள் வியர்க்கிற கையால் பிரிக்க முடியாத உறை, வெயிலில் படிக்க முடியாத திரை, இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைக்கிற முறை: இவை எதுவும் ஆய்வுக்கட்டுரையில் வராது. அவர்களுக்குத்தான் தெரியும்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்க வைத்த கெடு 2028 ஜூன் 1. உலகத்தில் அந்த ஒரு நிலம் மட்டுமா இருக்கிறது? கம்போடியா இருக்கிறது, லாவோஸ் இருக்கிறது, இன்றைக்கும் புதிதாகப் புதைத்துக்கொண்டிருக்கிற நாடுகள் இருக்கின்றன. உங்கள் தாள் 2028-க்குள் வராவிட்டாலும் வீணாகாது.

தலைப்பு கொடுக்கிற நாள் எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். விசாரித்துவிட்டு, யார் யார் சேர்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

உங்கள் பெரியம்மா,
பாயான் லெப்பாஸில் தங்கக் கம்பி இழுத்தவள்